சம்பளம் எப்போது மாறும், எப்படி மாறும்: நீலகிரியில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் ஸ்டாஃப் காலேஜும், அருவங்காட்டில் வெடிமருந்து செய்யும் கார்டைட் ஃபேக்டரி, குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட், ஊட்டியில் மாநில அரசு அலுவலகங்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இத்தனை விதமான சம்பளம் வேறெங்கும் பார்க்க முடியுமா தெரியவில்லை. ஒரே வீட்டில் அப்பா ராணுவப் பென்ஷன், மகன் கார்டைட், மருமகள் அரசுப் பள்ளி ஆசிரியை. ஒருவருக்குக் கூடும்போது மற்றவருக்கு ஏன் கூடவில்லை என்று கேள்வி வரத்தான் செய்யும். சம்பளப் பட்டியல் போடும் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். கேட்ட கேள்விகளைக் கேட்ட மாதிரியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, சம்பளம் கூடிருச்சுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மொத்தம் எத்தனை வழியில கூடும்?

நாலு வழி. வருஷத்துக்கு ஒருமுறை இன்கிரிமென்ட், அதாவது ஆண்டு ஊதிய உயர்வு, சுமார் 3 சதவீதம். வருஷத்துக்கு இரண்டு முறை, ஜனவரிக்கும் ஜூலைக்கும், அகவிலைப்படி, அதாவது விலைவாசிக்கு ஏற்ப அடிப்படைச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று மேலே சேர்க்கும் படி. பதவி உயர்வோ, பதவி மாறாமலே கிடைக்கும் தேர்வு நிலையோ வந்தால் ஒரு ஏற்றம். அப்புறம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஊதியக்குழு, அதாவது பே கமிஷன், வந்து மொத்த அட்டவணையையும் மாற்றும்.

இந்த நாலையும் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம். ஒருவர் "ஐயாயிரம் கூடிருச்சு" என்றால் எந்த வழியில் கூடியது என்று முதலில் கேளுங்கள். சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் மாறியிருக்கிறதா, படி மட்டும் மாறியிருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அகவிலைப்படியை யாரு தீர்மானிக்கிறாங்க? தேர்தல் வந்தா கூடுது, இல்லன்னா இல்லன்னு சொல்றாங்களே?

அறிவிக்கும் தேதி முன்னே பின்னே போகலாம், சதவீதத்தை யாரும் இஷ்டத்துக்குப் போட முடியாது. மத்திய அரசின் லேபர் பீரோ நாடு முழுக்க 88 மையங்களில் தொழிலாளர் குடும்பங்கள் வாங்கும் பொருட்களின் விலையை எடுத்து மாதாமாதம் ஒரு குறியீட்டெண் வெளியிடுகிறது. அந்த மையங்களில் நம்ம குன்னூரும் உண்டு. குன்னூர் மார்க்கெட்டில் அரிசி, காய்கறி, மண்ணெண்ணெய் விலை ஏறினால், துளியாவது டெல்லியில் இருப்பவரின் அகவிலைப்படியிலும் அது சேர்கிறது.

கணக்கு இப்படி. பன்னிரண்டு மாதக் குறியீட்டின் சராசரியை எடுத்து, பழைய வரிசைக்கு மாற்ற 2.88-ஆல் பெருக்கி, அதில் 261.42-ஐக் கழித்து, மீதியை அதே 261.42-ஆல் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 261.42 என்பது ஏழாவது ஊதியக்குழு தொடங்கியபோது இருந்த சராசரி. 2025 ஜூன் வரையிலான சராசரி சுமார் 143.6. பெருக்கினால் 413 சொச்சம், சதவீதம் 58 சொச்சம். சொச்சத்தை விட்டுவிடுவார்கள். அதனால் 2025 ஜூலை முதல் 58 சதவீதம். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் வாட்ஸ்அப்பில் வரும் எந்தச் செய்தியையும் நீங்களே சரிபார்க்கலாம்.

ஒரே ஒரு முறை கணக்கு நின்றது. கொரோனா காலத்தில் 2020 ஜனவரி தொடங்கி 2021 ஜூன் வரை மூன்று தவணையை நிறுத்தி 17 சதவீதத்திலேயே வைத்தார்கள். 2021 ஜூலையில் 28 ஆக்கியபோது சதவீதம் திரும்பி வந்தது, இடையில் போன 18 மாதப் பணம் வரவில்லை. அந்த நிலுவை வரப்போகிறது என்று இன்றைக்கும் செய்தி சுற்றுகிறது. அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

ஏழாவது பே கமிஷன்ல 2.57 மடங்குன்னாங்க. எங்க வீட்டுக்காரருக்கு அவ்வளவு ஏறவே இல்லையே, யாராவது ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. 2016 ஜனவரி 1-ல் அகவிலைப்படி 125 சதவீதம் இருந்தது. அதாவது 100 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்கியவர் கையில் ஏற்கெனவே 225 வந்துகொண்டிருந்தது. புதிய அட்டவணையில் அது 257 ஆனது, அகவிலைப்படி பூஜ்யத்துக்குப் போனது. உண்மையில் கூடியது 225-க்கு மேல் 32 ரூபாய், அதாவது பதினாலு சதவீதம் சொச்சம். 2.57 என்ற எண்ணின் பெரும்பகுதி நீங்கள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த பணம்தான்.

ஆறாவது குழுவிலும் இதேதான். அப்போது 1.86. 2006 ஜனவரியில் அடிப்படைச் சம்பளத்தோடு 50 சதவீதம் அகவிலைப்படியை இணைத்திருந்தார்கள், அதன் மேல் 24 சதவீதம் படி. ஒன்றரையை 1.24-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக 1.86. அதில் ஏற்றம் ஒரு பைசா இல்லை. பதவிக்கு ஏற்ப மேலே சேர்த்த தர ஊதியம், கிரேடு பே என்றார்களே, அதுதான் ஏற்றம். எந்தக் குழு எந்தப் பெருக்கெண் சொன்னாலும் அன்றைய அகவிலைப்படியை முதலில் கழித்துவிட்டுத்தான் சந்தோஷப்பட வேண்டும்.

பத்து வருஷத்துக்கு ஒரு தடவை ஊதியக்குழு போடணும்னு சட்டம் இருக்கா?

சட்டம் இல்லை, வழக்கம்தான். அந்த வழக்கமும் பிறகு வந்தது. முதல் குழு 1946-ல். அது 1947-ல் சொன்ன குறைந்தபட்சச் சம்பளம் 55 ரூபாய், அதிலேயே பஞ்சப்படி (இன்றைய அகவிலைப்படி) 25. இரண்டாவது குழு 80 ரூபாய். மூன்றாவது 1970-ல் அமைந்து 1973-ல் அறிக்கை தந்தது, குறைந்தபட்சம் 196 ஆனது. முப்படைகளின் சம்பளமும் அதில்தான் முதன்முதலாகக் குழுவின் வரம்புக்குள் வந்தது. 1986-ல் 750, 1996-ல் 2,550, 2006-ல் 7,000, 2016-ல் 18,000. பத்து வருஷ ஒழுங்கு 1986-க்குப் பிறகுதான் என்று பார்த்தாலே தெரியும். 1996-க்கான ஐந்தாவது குழுவின் தலைவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர், உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த எஸ்.ரத்தினவேல் பாண்டியன்.

குழு பரிந்துரைதான் செய்யும். ஏற்பது, திருத்துவது, தள்ளுவது அரசின் முடிவு. அறிக்கை வந்த அன்றே சம்பளம் ஏறிவிடாது.

நான் சிப்பாயா இருக்கேன், என் மச்சான் கார்டைட்ல கிளார்க். ரெண்டு பேருக்கும் பேசிக் 21,700. எனக்கு மட்டும் கூட வருதே, ஏன்?

படைவீரருக்கு ராணுவப் பணி ஊதியம் என்று ஒன்று உண்டு, பட்டாளத்தில் எம்.எஸ்.பி. என்பார்கள். ஆறாவது குழு கொண்டுவந்தது. இப்போது சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை மாதம் 5,200, பிரிகேடியர் வரையான அதிகாரிகளுக்கு 15,500, ராணுவ நர்ஸிங் அதிகாரிகளுக்கு 10,800. இதற்கு அகவிலைப்படி உண்டு, பென்ஷன் கணக்கிலும் சேரும். வீட்டு வாடகைப்படிக்கும் இன்கிரிமென்ட்டுக்கும் சேராது. 58 சதவீத அகவிலைப்படியில் 5,200-க்கு 3,016 வரும். ஆக 8,216 ரூபாய் உங்களுக்குக் கூட.

கார்டைட் ஊழியர் பாதுகாப்புத் துறையில் இருந்தாலும் சிவிலியன், அவருக்கு சிவில் அட்டவணைதான். 2021 அக்டோபரில் ஃபேக்டரி மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் போனபோது "இனி கம்பெனி சம்பளமா" என்று அருவங்காடு முழுக்கப் பயந்தார்கள். ஏற்கெனவே இருந்த ஊழியர்கள் அயல்பணியில், அதாவது டெபுடேஷனில், இருப்பதாகக் கருதப்பட்டு மத்திய அரசுச் சம்பள விதியிலேயே தொடர்கிறார்கள்.

புரமோஷன் வந்திருக்கு. "ஆப்ஷன் குடுக்கிறியா"ன்னு ஆபீஸ்ல ஒரு தாளை நீட்டுறாங்க. எதை எழுதிக் குடுக்கிறது?

இந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, ஏனென்றால் இதில் போகிற பணம் ரிட்டயர் ஆகும் வரை தொடரும். லெவல் என்பது சம்பள அட்டவணையில் ஒரு பதவிக்கான வரிசை. மத்திய அரசு ஊழியர் ஒருவர் லெவல் 3-ல் 24,500 வாங்குகிறார், ஜூலை 1-ல் அவருக்கு இன்கிரிமென்ட், மார்ச்சில் லெவல் 4-க்குப் பதவி உயர்வு என்று வைத்துக்கொள்வோம்.

பதவி உயர்வுத் தேதியிலேயே புதுச் சம்பளத்தை நிர்ணயம் செய்தால், பழைய லெவலில் ஒரு கட்டம் ஏற்றுவார்கள், 25,200. லெவல் 4-ல் அதற்குச் சமமான தொகை, இல்லையென்றால் அதற்கு அடுத்த கூடுதல் தொகை, 25,500. அடுத்த இன்கிரிமென்ட் ஜனவரியில், அப்போது 26,300. மாறாக, இன்கிரிமென்ட் தேதியிலிருந்து நிர்ணயம் என்று எழுதிக் கொடுத்தால், மார்ச்சில் லெவல் 4-ன் அடுத்த கட்டம் என்ற முறையில் அதே 25,500 கிடைக்கும். ஜூலையில் பழைய லெவலில் இரண்டு கட்டம் ஏற்றுவார்கள், 25,200, பிறகு 26,000. லெவல் 4-ல் அது 26,300. ஜனவரியில் 27,100. இந்த ஆளுக்கு இரண்டாவது வழியே லாபம்.

எல்லோருக்கும் இரண்டாவதுதான் லாபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கட்டத்தையும் தேதியையும் வைத்து இரண்டு வழியையும் பென்சிலில் போட்டுப் பாருங்கள். பதவி உயர்வு ஆணை கிடைத்து ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

நான் தமிழ்நாடு அரசு ஊழியர். எங்களுக்கும் அதே 2.57தான். சென்ட்ரல் ஆளுங்களுக்கு வந்த அரியர் எங்களுக்கு ஏன் வரல?

மத்திய ஊதியக்குழு மாநில ஊழியரைக் கட்டுப்படுத்தாது. மத்தியில் முடிவானதும் தமிழ்நாடு அரசு ஒரு அலுவலர் குழு போட்டுத் தன் அட்டவணையைத் தயாரிக்கும். 2017 அக்டோபரில் வந்த அரசாணையில் புதிய ஊதியம் 1.1.2016 முதல் கருத்தியலாக, பணப்பலன் 1.10.2017 முதல் என்று போட்டார்கள். "கருத்தியலாக" என்றால் காகிதத்தில் அந்தத் தேதியிலிருந்து ஏறியதாகக் கணக்கு வைப்பார்கள், கையில் காசு வராது. 21 மாத நிலுவை அப்படிப் போனது. ஆறாவது குழுவின்போதும் 1.1.2006 கருத்தியல், 1.1.2007 பணப்பலன்.

குறைந்தபட்சமும் வேறு. மத்தியில் 18,000, இங்கே 15,700. அரசாணை எதைப் பார்த்தாலும் நடைமுறைக்கு வரும் தேதி, பணப்பலன் தேதி என இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள். நிலுவையைத் தீர்மானிப்பது இரண்டாவது தேதி.

நான் இடைநிலை ஆசிரியை. என் பக்கத்து வகுப்பு டீச்சருக்கும் எனக்கும் ஒரே படிப்பு, ஒரே வேலை. சம்பளத்துல எட்டாயிரத்துக்கு மேல வித்தியாசம். அவங்க சீனியர்ங்கிறது மட்டும்தான் காரணமா?

இல்லை டீச்சர், நீங்கள் சேர்ந்த தேதிதான் காரணம். ஆறாவது குழுவுக்கு முந்தைய ஊதிய விகிதம் 4,500-ல் தொடங்கியது. 1.6.2009-க்கு முன்பு பணியில் இருந்தவர்களுக்கு அதை 1.86-ஆல் பெருக்கி 8,370 ஆக்கினார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பெருக்க எதுவும் இல்லை என்று ஊதியக்கட்டின் ஆரம்பமான 5,200-லேயே வைத்தார்கள். தர ஊதியம் இருவருக்கும் 2,800. அடிப்படையில் 3,170 ரூபாய் வித்தியாசம்.

ஏழாவது குழு வந்தபோது அந்த வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் 2.57-ஆல் பெருக்கினார்கள். 3,170 அங்கே 8,147 ஆனது. உங்கள் தொடக்கம் 8,000-ஐப் பெருக்கி 20,600, அவர்கள் தொடக்கம் 28,700-ஐ ஒட்டி. ஒவ்வொரு அகவிலைப்படியும் இதன் மேல்தான் ஏறுகிறது. பெருக்கல் முறையின் பெரிய அநியாயம் இது: ஒருமுறை விழுந்த பள்ளம் தானாக மூடாது, ஒவ்வொரு குழுவிலும் ஆழமாகும். "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று இடைநிலை ஆசிரியர்கள் வருஷக்கணக்காக உண்ணாவிரதம் இருப்பது இதற்காகத்தான். அவர்கள் கேட்பது சலுகை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மலைப்படி பேசிக்ல சேருமா? கோயம்புத்தூருக்கு மாத்தல் வந்தா என்ன ஆகும்?

சேராது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு நீலகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் தரும் மலைப்படியும் குளிர்காலப்படியும் இடத்துக்கான படி. மேட்டுப்பாளையம் இறங்கினால் நின்றுவிடும், பென்ஷன் கணக்கிலும் வராது. மலைப்படி வருவதை நம்பி மாதத் தவணை போடுபவர்கள் மாறுதலையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி அக்னிவீரா சேர்ந்திருக்கான். பே கமிஷன் வந்தா அவனுக்கும் ஏறுமா?

இப்போதுள்ள திட்டப்படி அக்னிவீரருக்கு இந்த அட்டவணை கிடையாது. 2022-ல் வந்த திட்டத்தில் முதல் வருஷம் மாதம் 30,000, பிறகு 33,000, 36,500, 40,000 என்று மொத்தமாக நிர்ணயித்துவிட்டார்கள். அதில் 30 சதவீதம், நாலு வருஷ முடிவில் மொத்தமாகக் கிடைக்கும் சேவா நிதிக்குப் பிடிப்பார்கள், அதே அளவு அரசும் போடும். முதல் வருஷம் கையில் வருவது 21,000. அகவிலைப்படி இல்லை, மேலே சொன்ன ராணுவப் பணி ஊதியமும் இல்லை.

நாலு வருஷம் முடிந்து 25 சதவீதம் வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். எடுக்கப்பட்டால் அன்றிலிருந்துதான் வழக்கமான அட்டவணை. முதல் நாலு வருஷம் பென்ஷன் சேவையில் சேராது.

எங்க அப்பா ஹவில்தாரா ரிட்டயர் ஆனவர். ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன்னு ஒண்ணு, பே கமிஷன் பென்ஷன்னு ஒண்ணு. ரெண்டும் ஒண்ணா?

வேறு வேறு. ஊதியக்குழு எல்லா ஓய்வூதியருக்கும் வருவது. ஏழாவது குழுவில் முதலில் பழைய பென்ஷனை 2.57-ஆல் பெருக்கிக் கொடுத்தார்கள். பிறகு 2017-ல், ரிட்டயர் ஆன காலத்துச் சம்பளத்தை ஒவ்வொரு குழுவாகக் கருத்தியலாக ஏற்றிக்கொண்டு வந்து அதில் பாதி எவ்வளவு என்று பார்த்து, இரண்டில் எது கூடுதலோ அது என்றார்கள்.

ஒரே பதவி ஒரே பென்ஷன் படைவீரருக்கு மட்டும். 1.7.2014 முதல் நடைமுறை. 2013-ல் அதே பதவியில், அதே சேவைக் காலத்தோடு ரிட்டயர் ஆனவர்கள் வாங்கிய அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டின் சராசரியைப் பழைய ஆட்களுக்கும் கொடுத்தார்கள். சராசரிக்கு மேல் வாங்கியவருக்குக் குறைக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுநிர்ணயம் என்பதால் 2019 ஜூலை, 2024 ஜூலை எனத் திருத்தம் வந்தது. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்களுக்கும் இது பொருந்தும். அப்பா காலத்துப் பதவி, சேவை வருஷம் இரண்டும் ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறைப் பென்ஷன் இணையதளத்தின் பதிவில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சேவை வருஷம் தவறாக ஏறினால் அட்டவணையில் வேறு வரிசைக்குப் போய்விடும்.

ரேங்க் பே கேஸ்னு கேள்விப்பட்டேன். பே கமிஷன் கொடுத்ததையே பிடுங்கிட்டாங்கன்னு சொல்றாங்க, நிஜமா?

நிஜம்தான், அதிகாரிகள் விஷயம். நாலாவது குழுவில், 1.1.1986 முதல், கேப்டனிலிருந்து பிரிகேடியர் வரை 200 முதல் 1,200 ரூபாய் வரை பதவி ஊதியம், அதாவது ரேங்க் பே, தந்தார்கள். ஆனால் நிர்ணயம் செய்யும்போது அதே தொகையை அடிப்படைச் சம்பளத்திலிருந்து கழித்துவிட்டார்கள். மேலே கொடுத்தது கீழே போனது. குறைந்த அடிப்படையின் மேல் ஐந்தாவது, ஆறாவது குழுக்களின் நிர்ணயம் ஏறியது. டீச்சருக்குச் சொன்ன அதே பள்ளம்.

மேஜர் தனபாலன் தனியாளாகக் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போய் 1998-ல் ஜெயித்தார். பிறகு மற்ற அதிகாரிகளும் போக, உச்ச நீதிமன்றம் 2010-ல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி, 2012 செப்டம்பரில் அதை உறுதி செய்தது. 1986-ல் போட்ட ஒரு கழித்தல், சரியாக இருபத்தாறு வருஷத்துக்கு மேல் ஆனது. ஊதிய நிர்ணயச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

எட்டாவது ஊதியக்குழு எப்ப வரும்? எவ்வளவு ஏறும்? அதுக்கு அப்புறம் ரிட்டயர் ஆனா நல்லதா?

2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அக்டோபர் கடைசியில், குழு எதையெல்லாம் ஆராய வேண்டும் என்ற ஆய்வு வரம்புக்கு ஒப்புதல், தலைவர் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய், அறிக்கைக்கு 18 மாத அவகாசம். வழக்கப்படி பார்த்தால் 1.1.2026 தேதியிட்டு வர வேண்டும்.

எவ்வளவு ஏறும் என்று சொல்பவர்களிடம் 2.57 பற்றிய பதிலை நீட்டுங்கள். 58 சதவீத அகவிலைப்படியில் 1.58 என்ற பெருக்கெண் வந்தால் ஏற்றம் பூஜ்யம். அதற்கு மேலே வருவதுதான் ஏற்றம். இதற்காக விருப்ப ஓய்வைத் தள்ளிப்போடலாமா என்றால், உடம்பும் குடும்பமும் கேட்கிற தேதியில் போங்கள். முன்பு ரிட்டயர் ஆனவர்களின் பென்ஷனையும் இதுவரை வந்த குழுக்கள் திருத்தித்தான் கொடுத்திருக்கின்றன.

பட்டாளத்துல பழைய பென்ஷன், எங்களுக்கு மட்டும் ஏன் புது பென்ஷன்?

மத்திய அரசு சிவில் பணியில் 1.1.2004 முதல் சேர்ந்தவர்கள், சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியத்தில் வைக்கப்பட்டார்கள், தமிழ்நாட்டில் அந்தத் தேதி 1.4.2003. முப்படைகளுக்கு ஆரம்பத்திலேயே விலக்கு. மத்திய ஊழியருக்கு 1.4.2025 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்திருக்கிறது. 25 வருஷச் சேவை இருந்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதி.

ஜூன் 30-ல ரிட்டயர் ஆனேன். ஜூலை 1 இன்கிரிமென்ட் ஒரே நாள்ல போச்சு. ஒரு வருஷம் முழுக்க வேலை பார்த்தேனே, கிடைக்காதா?

கிடைக்கும், பென்ஷன் கணக்குக்கு மட்டும். ஆறாவது குழு எல்லோருக்கும் ஜூலை 1 என்று ஒரே தேதி வைத்ததால் ஜூன் 30-ல் ஓய்வு பெற்ற அத்தனை பேரும் மாட்டினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் அய்யம்பெருமாள் வழக்கில், உழைத்த வருஷத்துக்கான இன்கிரிமென்ட்டைக் கருத்தியலாகச் சேர்க்க வேண்டும் என்றது. 2023 ஏப்ரல் 11-ல் உச்ச நீதிமன்றமும் இதே நிலையை எடுத்தது. வழக்குப் போடாதவர்களுக்கும் உண்டு, ஆனால் கூடுதல் பென்ஷன் 1.5.2023 முதல்தான், அதற்கு முந்தைய நிலுவை இல்லை. டிசம்பர் 31-ல் ஓய்வு பெற்று ஜனவரி 1 இன்கிரிமென்ட்டை இழந்தவர்களுக்கும் இதேதான். பணிக்கொடைக்கும், பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் கம்யூடேஷனுக்கும் சேர்க்க மாட்டார்கள்.

தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2014 டிசம்பரிலேயே இதற்கான அரசாணை வந்துவிட்டது. மத்திய ஊழியராக இருந்தால் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்துக்கு, ஓய்வு தேதி, கடைசிச் சம்பளம், பென்ஷன் ஆணை எண் மூன்றையும் போட்டு ஒரு பக்க மனு கொடுங்கள், பென்ஷன் ஆணையின் நகலை இணைத்து, ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில்.